மஞ்சள் வரிச் செடியை ஏலம் விட்ட வருஷம்

ஆனந்தபாயின் இடது கையில், முழங்கை தொட்டு மணிக்கட்டுவரை, மஞ்சள் வரிகள் விழுந்தது டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. கேழ்வரகு இலையில் இருந்த அதே வரி, அதே அகலம். வலியில்லை. குளத்தூரில் அன்று தேங்காய் விலை ஏறியிருந்ததால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

கோளாறு தொடங்கியது அக்டோபரில். அவளுடைய இருபது சென்ட் கேழ்வரகில், ஓரமாக நின்ற மூன்று செடிகளின் இலையில் மஞ்சள் கோடு ஓடியது. பார்க்கத் தங்கக் கம்பி மாதிரி இருந்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய மகள் பின்சி, தாவரவியல் படித்தவள், பார்த்ததும் சொன்னாள்: "எம்மா, இது வைரஸாக்கும். இலைக்கடியில தத்துப்பூச்சி இருக்கு பாரு, அதுதான் பரப்பும். மூணையும் பிடுங்கித் தீயில போடு." ஆனந்தபாய் பிடுங்கினாள், தீயில் போடவில்லை. தொட்டியில் நட்டு, அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தில் காணிக்கை வைத்தாள். வந்த காணிக்கைகளில் சபைச் செயலாளர் விஜயதாஸ் அதைத்தான் முதலில் ஏலம் விட்டார். பின்சி எழுந்து நின்று, நோய் என்று கத்தினாள். "எட்டி பின்சி, டிகிரி படிச்சா ஆண்டவரு தந்த பொன்னும் நோயாயிருமோ?" என்றார் அவர். சபை சிரித்தது. பெண் கத்தினால் அவர்களுக்குச் சிரிக்கத்தான் தெரியும். ஏலம் எடுத்த ரெஜி நல்லவன். அதனால் நாசம் பெரிதாயிற்று. ஆசீர்வாதத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், ஜெபக்கூட்டம் நடக்கிற வீட்டுக்கெல்லாம் வாராவாரம் தொட்டியைச் சுமந்து போனான். பூச்சிக்குச் சிறகே தேவைப்படவில்லை.

எட்டு வாரத்தில் சபையார் வயல் எல்லாம் மஞ்சள். "நம்மதையாவது மொத்தமும் பிடுங்கும்மா, மிச்சமுள்ள ஊராவது தப்பட்டும்" என்றாள் பின்சி. "உன்னப் படிக்கவச்ச வயலாக்கும் மக்கா. உனக்கு மனசு வருமா?" வரவில்லை. பின்சியும் ஒரு வாரம் பொறுத்தாள். அந்த வாரத்தில் கதிர் வந்தது, உள்ளே மணி இல்லை. விதைக்கு ஒரு பிடிகூடத் தேறவில்லை. குடிக்கப் பச்சை இல்லாத பூச்சிகள் எழும்பி, களை எடுத்துக்கொண்டிருந்த ஆனந்தபாயின் கையில் வந்து உட்கார்ந்தன. அதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. டாக்டர் தேமலுக்கு மருந்து கொடுத்தார்.

மறு அக்டோபரில் ஆலயத்து மேசையில் கேழ்வரகு வைக்கும் இடம் காலியாக இருந்தது. ஆனந்தபாய் போய் அங்கே இடது கையை நீட்டி வைத்தாள். வெயிலிலும் முழுக்கைச் சட்டையைப் பொத்தானிட்டு வந்திருந்த விஜயதாஸ், வழக்கம்போல "ஒருதரம், ரெண்டுதரம்" என்றார். யாரும் விலை கேட்கவில்லை. எல்லார் கையிலும் இப்போது அந்த வரி உண்டு. பின்சி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு வாழைக்குலை ஏலத்துக்கு வந்தது.