வியாழக்கிழமை டாக்டர்

தென்னாப்பிரிக்காவில் குருமான் பக்கத்தில் அந்த ஊரில் யாருக்கு நெஞ்சில் என்ன வந்தாலும் பழி தூசியின் தலையில்தான் விழும். கல்நார்ச் சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. தூசி மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. இருமினால் தூசி, மூச்சு வாங்கினால் தூசி. வியாழக்கிழமை நுரையீரல் டாக்டரின் வேன் வரும்வரை லெங்கானா என்கிற மூலிகை இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டு கிடப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து திரும்பிய பழைய சுரங்கத் தொழிலாளி ஓலெபிலே வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னய்யா, பாதிரியார் பிரசங்கத்துக்கே இப்படி வேர்த்துருச்சா?" என்று கேலி செய்தாள் மொசிதி. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய பொண்டாட்டிக்கு அந்த உரிமைகூட இல்லையா?

"நெஞ்ச அழுத்துது மொசிதி. தூசிதான்."

பக்கத்து வீட்டு மொத்திபியும் அவரைப் போலவே பழைய சுரங்கத்து ஆள். பார்த்ததும் சாவியோடு ஓடிவந்தான். "அண்ணன் மூஞ்சியே சரியில்லக்கா. வண்டியில ஏத்துங்க, குருமான் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

ஓலெபிலே மனைவியின் முகத்தைப் பார்த்தார். வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

"ஞாயித்துக்கிழம அங்க எந்த டாக்டர் இருக்கப்போறான்? வியாழக்கிழம நம்ம நெஞ்சு டாக்டரே வர்றாரு. நீ போய்ச் சாப்புடு போ."

மொத்திபி போய்விட்டான். அடுப்பில் லெங்கானா கொதித்து முடிவதற்குள் ஓலெபிலேயின் உயிர் போய்விட்டது.

சுரங்கத்தில் உழைத்தவர் செத்தால், நஷ்டஈட்டுக்காக நுரையீரலையும் இதயத்தையும் பெட்டியில் வைத்து ஜோகன்னஸ்பர்க்குக்கு அனுப்பிச் சோதிப்பது அங்கே வழக்கம். மாதங்கள் கழித்து முடிவு வந்தது. வேனில் வரும் நர்ஸ் மொசிதியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"நுரையீரல் இன்னும் பல வருஷம் தாங்கியிருக்கும்மா. மாரடைப்புதான். அந்தத் தூசி நுரையீரலோட நிக்கிறதில்ல. அதுல வேலை பாத்தவங்களுக்கு இதயமும் கெட வாய்ப்பு அதிகம். உடனே கொண்டாந்திருந்தா..."

நர்ஸ் மீதியை விழுங்கிக்கொண்டாள். மொசிதியால் விழுங்க முடியவில்லை. சோளக்களி கிண்டும்போதும், ஜெபத்தில் முழங்காலிடும்போதும் அந்த மீதி தொண்டையிலேயே நின்றது. பாவி நான், ஒரு வார்த்தை 'போங்க' என்று சொல்லியிருக்கலாமே.

மழைக்காலத்தில் ஒருநாள் விறகு பிளந்துகொண்டிருந்த மொத்திபி கோடாரியைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தான். மொசிதி வேலியைத் தாண்டி ஓடினாள்.

"ஒண்ணுமில்லக்கா, தூசிதான். வியாழக்கிழம..."

"உன் வியாழக்கிழமையில இடி விழ! சாவி எங்கடா?"

அவன் மனைவி வண்டியை ஓட்ட, மொசிதி அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். பிழைத்துக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பியதும் முதலில் அவள் வீட்டு வாசலில்தான் வண்டியை நிறுத்தச் சொன்னான். "நீங்க இல்லேன்னா நான் இந்நேரம் மண்ணுக்குள்ள கிடப்பேன்க்கா."

அவளுக்குச் சந்தோஷம்தான்.  ஆனாலும் அவனைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் இதே வண்டி இங்கதாண்டா இருந்துச்சு," என்றாள்.