எந்தக் கைக்கு எந்த மருந்து

அண்ணியின் விரலிடுக்குகள் சிவந்து, தோலுரிந்து, ஓயாமல் அரித்தன. ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற கை அது. "பூஞ்சை பிடிச்ச கையோட மாவைத் தொடாதம்மா. திங்கக்கிழமை வா, பாக்கறேன். ஆறலைன்னா வேற ஆள்தான்" என்று மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நாத்தனாருக்கு வேலை, கொத்தமல்லி விதையை ஆவியில் வேகவைத்து எண்ணெய் இறக்கும் கூடத்தில். அந்த எண்ணெய் பூஞ்சையை அடக்கும் என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள். சில துளிகளைச் சமையல் எண்ணெயில் கலந்து கொண்டுவந்தாள். எதையும் ஒரு பக்கம் மட்டும் தடவி, மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தக் கூடத்துப் பழக்கம்.

"வலது கைக்கு இது. இடது கைக்கு டாக்டர் குடுத்த களிம்பு. மாத்திடாதீங்க அண்ணி."

"வாசனை அடிக்குமா?"

"சுத்தமா இல்ல."

"சரிங்க டாக்டரம்மா."

திங்கட்கிழமை காலை இரண்டு கையும் ஆறியிருந்தன. இடது கை ஒரு படி மேல். நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியானால் களிம்புதானா?

"எப்படித் தடவினீங்க, காட்டுங்க."

அண்ணி வலது கையில் எண்ணெயை விட்டு, இடது கையால் பரபரவென்று தேய்த்துக் காட்டினாள்.

"ஐயோ, ரெண்டு கையிலயும் எண்ணெய் பட்டிருக்கே!"

"பின்னே, காலாலயா தேய்ப்பாங்க?"

நாத்தனாரும் கடைவரை கூடவே போனாள். வாசலில் மேஸ்திரி அண்ணியின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உடனே மூக்கைச் சுளித்தார்.

"கை சரியாப் போச்சு. ஆனா என்னம்மா, கொத்தமல்லி மூட்டையே நடந்து வந்த மாதிரி இருக்கு? ரொட்டியெல்லாம் இதே வாசனை அடிக்கும். இன்னிக்கு அடுப்புப் பக்கம் நில்லு. மாவு பிசையணும்னா இந்த எண்ணெய் ஆகாது."

அவர் உள்ளே போனதும் அண்ணி முறைத்தாள். நாத்தனார் அவள் கையை இழுத்து முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. நாளெல்லாம் அந்த ஆவியில் நிற்கிற மூக்கு எப்போதோ மரத்துப்போயிருந்தது.

"எண்ணெய நிறுத்திட்டா அரிப்பு திரும்ப வந்துடுமாடி?"

ஆற்றியது எண்ணெய் என்றால் வரலாம். களிம்பு என்றால் வராது. இரண்டும் சேர்ந்து ஆற்றியிருந்தால்?

"தெரியல அண்ணி."

"நல்ல வைத்தியச்சி வாய்ச்சா எனக்கு! வேலை விட்டு வர்றப்ப களிம்பு வாங்கிட்டு வா. நீயே தடவி விடு. என் கையை நம்பாதே." அண்ணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"எந்தக் கைக்கு அண்ணி?" என்று கேட்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.