அழைப்புமணித் தோழர்கள்

வகுப்பு முடிந்து நான்கு மாடி ஏறி வந்தபோது, என் அறைக் கதவுக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் மூன்றாம் மாடி நீவெஸ் அம்மையார். எழுபது வயதிருக்கும். 'நீங்கள் நடந்தால் என் வீட்டு விளக்கு ஆடுகிறது' என்று எழுதி என் கதவில் இரண்டு முறை ஒட்டியவர். மற்றவர் இரண்டாம் மாடி துல்லியோ. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஆளும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். நீவெஸ் கையில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. துல்லியோ இரண்டு ஜாடிகளை மார்போடு அணைத்திருந்தார். அவர் தோளில் ஒரு பச்சைக் கம்பளிச் சட்டை கைக்குட்டை போலக் கிடந்தது. ஜாடி மூடிக்குச் சிவப்புக் கட்டம் போட்ட துணியை இப்படி இறுக்கிக் கட்டுகிற ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். என் அம்மா.

நான் த்ரியெஸ்தேவுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. செர்பியாவிலிருந்து, அதுவும் லெஸ்கோவாத்ஸ் மாதிரி ஊரிலிருந்து, ஒற்றைப் பெண் பௌதிகம் படிக்க இத்தாலிக்குப் போவதில் அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. "அங்க உனக்குன்னு ஒருத்தரும் இல்லேன்னா அடுத்த பஸ்ல ஏறி வந்துடு சென்கா. இங்க இல்லாத பௌதிகமா?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள். ஒருத்தரும் இல்லை என்பதுதான் உண்மை. வகுப்பில் எல்லோரும் இரண்டிரண்டு பேராகவே பிறந்தவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒரு நாளில் பேசும் இத்தாலி மொழி, கடைக்காரரிடம் சொல்லும் 'பை வேண்டாம்' மட்டும்தான். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தெருவாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள், "ஒரு சிநேகிதி கூடவா கிடைக்கல?" என் கண் எதிரே, குடியிருப்பவர்களின் பெயர்கள் எழுதிய அழைப்புமணிப் பலகை இருந்தது. "ஏன் இல்ல? நீவெஸ்னு ஒருத்தி இருக்கா. துல்லியோன்னு ஒரு பையன்" என்றேன்.

பெற்றுவிட்டால் வளர்க்கத்தானே வேண்டும்? நீவெஸ் என் வகுப்புத் தோழி ஆனாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கோழி சூப்பு கொண்டுவந்தாள். துல்லியோ கிதார் வாசித்தான். கூச்ச சுபாவம், நெத்திலி மாதிரி ஒல்லி. அம்மாவின் குரலில் நிம்மதி வர வர நான் தாராளமாகிக்கொண்டே போனேன்.

அதற்குள் எங்கள் ஊரில் குடைமிளகாய் அறுவடை வந்துவிட்டது. அம்மா வழக்கம்போல மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து அரைத்து அய்வார் கிண்டினாள். பெயர் எழுதி, கடிதம் கட்டி, ஒல்லிப் பையன் துல்லியோவுக்கு ஒரு பச்சைக் கம்பளிச் சட்டையும் பின்னி, எங்கள் ஊரிலிருந்து இங்கே பஸ் ஓட்டும் மிர்கோவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவன் வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். ஜாடியில் பெயர் இருந்தது. மணிப் பலகையிலும் அதே பெயர். மிர்கோ பொறுப்பானவன். என் ஜாடியைத் தெருவாசலில் வைத்துவிட்டு மற்ற இரண்டு மணிகளையும் அழுத்திவிட்டான். அதையும் துல்லியோதான் தூக்கி வந்திருந்தார்.

நீவெஸ் ஸ்லோவேனியக் குடும்பத்துக்காரி. எங்கள் மொழி அவருக்கு முக்கால்வாசி புரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்தார்.

"'செல்லம் நீவெஸ், என் பொண்ணுக்குக் காய்ச்சல்னதும் சூப்போட ஓடி வந்தியே. இந்த வயசுல உனக்கு இவ்வளவு பொறுப்பா!'" கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்ன சூப்பு குடுத்தேன்?"

"கோழி."

"கோழிய நான் தொட்டே பதினாலு வருஷம் ஆச்சு."

"எனக்கு வந்ததையும் படிங்களேன்" என்றார் துல்லியோ.

"உனக்குத்தான் ரெண்டு தடவ படிச்சுட்டேனே. 'தம்பி துல்லியோ, வெக்கப்படாம சாப்பிடு. என் பொண்ணுகிட்ட ஏதாவது சொல்லணும்னா மனசுல பூட்டி வைக்காத.'"

துல்லியோ காதுவரை சிவந்துபோனார். "எனக்குப் பேத்தி இருக்கும்மா" என்றார் என்னிடம், ஏதோ அவர் தப்பு செய்துவிட்டதைப் போல.

மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. மணிப் பலகையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் என் இத்தாலி மொழி தீர்ந்து அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. திரையில் அம்மா.

"ஜாடி வந்துச்சா? பின்னால யாருடி அந்தக் கிழவி?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீவெஸ் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டார். "அந்தக் கிழவிதான் நீவெஸ்."

அம்மாவின் கண்கள் நீவெஸையும் துல்லியோவின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தன. பிறகு மெதுவாகக் கேட்டாள், "அப்ப காய்ச்சல்ல உனக்கு யாருடி சூப்பு குடுத்தா?"

"யாரும் இல்லம்மா" என்றேன்.

"பெட்டியக் கட்டு. மிர்கோ சனிக்கிழம திரும்பறான்."

"எதுக்குக் கட்டணும்?" என்றார் நீவெஸ். "தனியா இருக்காளா? காலைல ஆறு மணிக்கு எழுந்து என் தலைக்கு மேலதான் நடக்கறா. ஏழு மணிக்குக் கரண்டியக் கீழ போடறா. புதன்கிழம அழறா. எனக்குத் தெரியாம இவ ஒரு அடி வச்சதில்ல."

புதன்கிழமை ஆய்வுக்கூட வகுப்பு; எல்லோருக்கும் ஜோடி உண்டு, எனக்கு இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாவும் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்புறம் இன்னொண்ணு" என்றார் நீவெஸ். "ஜாடியத் திறந்து ருசி பாத்துட்டேன். உன் அய்வார்ல உப்பு பத்தல."

"உப்பா!" அம்மா திரைக்குள்ளிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். "லெஸ்கோவாத்ஸ் மிளகாய்க்கு உப்பு எவ்வளவுன்னு கடல் ஓரத்துல இருக்கறவங்களுக்கு என்ன தெரியும்? முதல்ல அத ரொட்டியோட சாப்பிட்டயா, வெறும் கரண்டியிலயா?"

"கரண்டியில."

"அதான்!"

சண்டை மும்முரமானது. கைப்பேசியோடு நீவெஸ் படியிறங்கத் தொடங்கினார். திருப்பத்தில் நின்று, திரும்பாமலே சத்தம் போட்டார்: "என் வீட்ல ரெண்டு நாற்காலிதான் இருக்கு. உன்னுத எடுத்துட்டு வா. துல்லியோ, ரொட்டி!"

மூவருக்கும் முன்னால் அம்மாவின் குரல்தான் படிகளில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் நாற்காலியைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அதன் நான்கு கால்களும் சுவரில் இடித்துவிடாமல், ஒவ்வொரு படியாகக் கால் வைத்துப் பின்னால் போனேன்.