அண்ணாவின் குரல் பச்சை

எனக்குப் பாட்டுக் கேட்டால் நிறம் தெரியும். நிறம் மட்டுமில்லை, தொட்டால் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். கோயில் நாதஸ்வரம் மேலே ஏறும்போது செம்மஞ்சளாக வரும். பனம்பழத்தைப் பிசைந்த கை மாதிரி நார்நாராக ஒட்டும். தவில் கபில நிறம், காய்ந்த தோலின் சொரசொரப்பு. கடற்கரை வீதியால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊதிக்கொண்டு போகிற பாண்ட் வாத்தியம் தகரம். அதன் விளிம்பு வெட்டும். சின்ன வயதில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்குப் பதினைந்து வயது. இதை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன் சொல்லிவிட வேண்டும் போல் இருக்கிறது. பயத்தில் நித்திரை வரவில்லை.

எல்லாருக்கும் இப்படி இல்லை என்பது அண்ணாவால்தான் தெரிய வந்தது. யோகலிங்கம் அண்ணா துறைமுகத்தில் கப்பல்களுக்கு நிலக்கரி கொண்டுபோகிற தோணியில் கூலி. பின்னேரம் வந்து கரியைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஆர்மோனியப் பெட்டியோடு இருந்துவிடுவான். நாடகம் போடுகிற ஆட்கள் அவனைத்தான் தேடி வருவார்கள். ஒருநாள் நான் பக்கத்தில் இருந்து, அந்த நீலக் கட்டையை இன்னொருக்கா அமத்தண்ணா என்று கேட்டேன். எது நீலம் என்றான். காட்டினேன். அவன் துவாயை எடுத்துக் கட்டைகள் மேல் மூடிவிட்டு, அதற்குள் விரலை விட்டு அமத்தினான். நான் நிறத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எத்தனை தரம் மாற்றி மாற்றி அமத்தினாலும் ஒவ்வொரு கட்டைக்கும் அதே நிறத்தைத்தான் சொன்னேன். அவன் சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

"உன்னைக் கட்டப்போறவன் பாவம். பாடினானெண்டால் அவன்ர சாயம் வெளுத்துப் போம்."

அவனுடைய குரல் என்ன நிறம் என்று கேட்டான். பச்சை என்றேன், கிணற்றுக்குள் கல்லில் படிந்திருக்கும் பாசி, ஈரமாய், வழுவழுப்பாய். வெளியில் சொல்லாதே, விசர் பிடித்தவள் என்பார்கள் என்று எனக்குச் சொல்லிவிட்டு, சோறு தின்னும்போது அவனே அம்மாவிடம் சொல்லிச் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. கோயிலில் தெய்வம் வருகிறவர்களைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

யப்பான்காரன் குண்டு போட்டது வருசப் பிறப்புக்குச் சில நாள் முன்பு, காலையில். அண்ணா அப்போது வேலைக்குப் போயிருந்தான். நான் கிணற்றடியில் நின்றேன். சத்தம் என்று சொல்ல முடியாது, நிலமே என்னைத் தூக்கி எறிந்தது. எழும்பிப் பார்த்தால் வாளி வேலிக்கு அப்பால் கிடந்தது. இடது காதுக்குள் ஒரு கூவல் தொடங்கியது. அது இன்றைக்கும் நிற்கவில்லை. சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்து, நாட்கணக்கில் வானம் கறுப்பாகக் கிடந்தது. சோற்றுப் பானையைத் திறந்தால் மேலே கரித்தூள்.

அண்ணா வரவில்லை. அவன் வேலை செய்த தோணியும் கரையில் இல்லை. அம்மாவும் மச்சாளும் தோணிக்கு ஆள் பிடித்துவிடுகிற கொந்தராத்துக்காரனிடம் போய்க் கேட்டார்கள். மச்சாள் என்றால் அண்ணாவின் பெண்சாதி கமலேஸ்வரி. என்னைவிட நாலு வயது மூத்தவள், வயிற்றில் பிள்ளை. கூலியாட்கள் பாதிப்பேர் அன்றைக்கே காட்டுப்பக்கம் ஓடிவிட்டார்கள், உங்கள் ஆளும் ஓடியிருப்பான், பயம் தெளிந்தால் வருவான் என்று கொந்தராத்துக்காரன் சொன்னான். தோணியைக் கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று பின்னேரம் அம்மா என்னை அடுப்படிக் குசினிக்குள் கூப்பிட்டாள். "பிள்ளை, அவன்ர குரல் பச்சையெண்டு சொல்லுவாய் எல்லே. கண்ணை மூடிப் பார். இப்பவும் தெரியுதோ?"

கண்ணை மூடினேன். குண்டு விழுந்ததற்கு முந்தைய இரவு அவன் பாடியதை நினைத்தேன். பச்சை வந்தது, ஈரத்தோடு. தெரியுது என்று சொன்னேன். அது பொய் இல்லை. நினைவில் இருப்பதைத்தான் சொன்னேன். ஆனால் அம்மா அதை அப்படி எடுக்கவில்லை. அப்படியே முற்றத்துக்கு ஓடி, என் பிள்ளையின் கண்ணில் கோயில் அம்மாள் வந்து நிற்கிறாள், என் மகன் உயிரோடு இருக்கிறான் என்று ஒழுங்கையில் வீடு வீடாகச் சொன்னாள்.

இது ஏன் பெரிய கதை ஆனது என்றால், எங்கள் கோயில் வழக்கம் அப்படி. வைகாசிப் பொங்கலுக்கு உடுக்கு அடித்து அம்மாளை இறக்குவார்கள். அவள் யார்மேல் வருகிறாளோ அவர் கட்டுச் சொல்லுவார். மழை எப்போது, களவு போன மாடு எங்கே, தொலைந்த ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கேட்பார்கள். வந்த சொல்லை யாரும் மறுக்க மாட்டார்கள். அம்மா பூசாரியார் முருகேசுவிடம் போய், இம்முறை கட்டுச் சொல்லப்போவது என் மகள் இரத்தினேஸ்வரி என்றாள். அவர் என் முகத்தைக் பார்த்துவிட்டு, ஓம், சொல்லட்டும் என்றார். அம்மாவுக்கும் மச்சாளுக்கும் எனக்கும் மஞ்சள் நூலில் காப்புக் கட்டினார். காப்புக் கட்டினவர்கள் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கட்டுச் சொன்ன பிறகுதான் அவிழ்ப்பார்கள்.

அதற்குள் ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. தம்பலகாமத்துக்கும் திரியாய்க்கும் வண்டி வண்டியாகப் போனார்கள். போக முன் சிலர் தங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்க என்னிடம் வந்தார்கள். கிண்ணியாவிலிருந்து ஸல்ஹா என்று ஒரு பெண் தோணியில் வந்தாள். அவளுடைய புருஷன் ஜமால்தீன் அண்ணாவோடு அதே தோணியில் வேலைக்கு நின்றவர். எங்கட பள்ளிவாசல் லெப்பை ஒன்றும் சொல்கிறார் இல்லை, உங்கட அம்மாளாவது சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே குந்தினாள். அவருடைய குரலை நான் கேட்டதேயில்லை என்றேன். அவள், அவர் பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரித் தானே பாடிக் காட்டினாள்.

அவள் பாடும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கென்று ஒரு நிறமும் வரவில்லை. ஒரு பெண் முன்னால் இருந்து பாடுகிறாள், எனக்குத் தெரிவது தார். கறுப்பு, தடிப்பு, தொட்டால் விடாத தார். அவள் நிறுத்தின பிறகும் அதுவே.

அவள் போனதும் ஆர்மோனியத்தைத் திறந்தேன். முதல் கட்டை, தார். நீலக் கட்டை, அதுவும் தார். எல்லாக் கட்டைகளையும் அமத்திப் பார்த்தேன். பிறகு கண்ணை மூடி அண்ணாவை நினைத்தேன். அவன் முகம் வந்தது, வாய் அசைந்தது, பச்சை வரவில்லை. குண்டு விழுந்த நேரம் என் காதுக்குள் என்னவோ அறுந்திருக்க வேண்டும். அது அறுந்ததா, இல்லை அண்ணாதான் போய்விட்டானா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆர்மோனியச் சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். தெரியுதோ என்றாள். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டாமல் இருந்தால் அவள் அந்த இடத்திலேயே விழுந்திருப்பாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் மச்சாளின் தகப்பன் இராசதுரை மாமா தம்பலகாமத்திலிருந்து மாட்டுவண்டியோடு வந்தார். குண்டு திரும்ப விழுமென்று எல்லாரும் சொல்கிறார்கள், மூன்று பேரும் வாருங்கள் என்றார். அவன் வந்து பூட்டின கதவைப் பார்ப்பதா என்று அம்மா கேட்டாள். மாமா மகளின் கையில் இருந்த காப்பைப் பார்த்தார். அவரும் அம்மாளுக்குப் பயந்தவர். மாட்டை அவிழ்த்துக் கட்டினார்.

பின்னேரம் மச்சாள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முகம் கழுவுவது போலக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"இப்பவும் பச்சை தெரியுதோ? எனக்கு மட்டும் சொல்லு."

"இல்லை மச்சாள்."

அவள் அழவில்லை. எனக்குத் தெரியும் என்றாள். தோணி இல்லையென்றதும் அன்றைக்கே தெரியும்.

"நாளைக்கு அதைச் சொல்லு. அவர் இல்லையெண்டு சொல்லு. உடம்புக்குப் பதிலாத் தர்ப்பையில உருச் செய்து எரிச்சுப்போட்டு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். மாமியும் வருவா. இருக்கிறாரெண்டு சொன்னியெண்டால் நாங்கள் இஞ்சயே கிடந்து சாவம்."

வெள்ளைச் சீலை உடுக்க வேண்டி வருமே என்று கேட்டேன்.

"உடுக்கிறன். வயித்தில இருக்கிறதுக்காக உடுக்கிறன்."

சரி என்று சொன்னேன். சொல்வேன் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பொங்கல் எப்போதும் இரவில், பந்தம் கொளுத்தி நடக்கும். கடற்கரைப் பக்கம் இரவில் வெளிச்சம் காட்டக் கூடாது என்று கட்டளை இருந்ததால் இந்த முறை மத்தியானத்தில் வைத்தார்கள். உச்சி வெயிலில் எல்லாம் வெளிறிப் போயிருந்தது. ஊரில் மிச்சம் இருந்தவர்கள் வந்தார்கள். ஸல்ஹா வேலிக்கு வெளியில், தலையில் முக்காட்டோடு நின்றாள்.

என்னை முழுக வார்த்து, வேப்பிலையைக் கையில் தந்து, நடுவில் நிற்க வைத்தார்கள். பூசாரியார் உடுக்கை அடிக்கத் தொடங்கினார். முன்பெல்லாம் உடுக்கு எனக்குச் சிவப்பு. மிளகாய் விதை மாதிரிப் பொடிப்பொடியாகத் தோலில் தெறிக்கும். நான் காத்துக்கொண்டு நின்றேன். ஒரு விதையாவது தெறிக்காதா என்று. அவர் என் வலது காதுக்குக் கிட்ட வந்து அடித்தார். தார்தான் வந்தது. உடம்பு நடுங்கியது; அதைப் பார்த்து அம்மாள் வந்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அது பயத்தில் வந்த நடுக்கம்.

பூசாரியார் உடுக்கை நிறுத்தினார். அம்மாவே முன்னுக்கு வந்து கேட்டாள். என்னைப் பிள்ளை என்று கூப்பிடவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு கேட்டாள்.

"தாயே, என்ர பிள்ளை இருக்கிறானோ?"

அவளுக்குப் பின்னால் மச்சாள் நின்றாள். வயிற்றில் ஒரு கையை வைத்தபடி, இமைக்காமல் என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்ற சொல்லை வாய்வரைக்கும் கொண்டுவந்தேன். அம்மா கூப்பிய கையை இறக்கவில்லை. என்னை யார் என்று நினைத்து அவள் கும்பிடுகிறாள்? நான் இல்லையென்று சொன்னால், எங்கேயோ காட்டுக்குள் உயிரோடு ஒளிந்திருந்தாலும் அண்ணா அந்த நிமிடம் செத்துவிடுவான் போல இருந்தது.

"எனக்குத் தெரியேல்லை அம்மா," என்று சொன்னேன். "எனக்கு இப்ப ஒண்டுமே தெரியிறேல்லை. குண்டு விழுந்த நாளில இருந்து எல்லாம் போயிட்டுது."

உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். பூசாரியார் வேப்பிலையால் என் முகத்தைத் தடவினார். அம்மாள் கோபமாக நிற்கிறாள், பொங்கலை வெயிலில் வைத்தது பிழை என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப இறக்குவோம், அதுவரைக்கும் காப்பு அவிழ்க்கக் கூடாது. அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. செத்திருந்தால் அம்மாள் சொல்லியிருப்பாள், சொல்லாதபடியால் இருக்கிறான் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னாள். இராசதுரை மாமா மாட்டைப் பூட்டப் போனார். வயலில் காவலுக்கு ஆள் இல்லை, யானை இறங்கினால் நெல்லுப் போய்விடும், எட்டு நாள் இங்கே நிற்க ஏலாது என்றார். மகளின் தலையில் கையை வைத்தார். வண்டி வெறுமையாகப் போனது. ஸல்ஹா எப்போது போனாள் என்று நான் காணவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து மச்சாள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "பொய் சொல்லத் தெரியாதவள் ஏன் எனக்குச் சரியெண்டு சொன்னனி?"

அண்ணா இல்லை என்று சொல்வதும் பொய்தான் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. காலையில் அவள் பொட்டு வைக்காமல் முற்றம் கூட்டினாள். அம்மா குங்குமத்தோடு வந்து, அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, தன் பெருவிரலால் அழுத்தி வைத்துவிட்டாள். அவள் அசையாமல் நின்றாள். இப்போது ஒவ்வொரு நாளும் இப்படித்தான். வைத்து முடித்ததும் அம்மா என் பக்கம் திரும்பி, இண்டைக்கு ஏதும் தெரியுதோ என்று கேட்பாள்.

விடிந்தால் வெள்ளி. கிழக்கே இன்னும் இருட்டு. நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் படுத்திருக்கிறோம், நடுவில் அம்மா. அவள் என் மணிக்கட்டை, காப்புக் கட்டின இடத்தில், பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். மச்சாள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

நான் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்து. இல்லை. என்ர அண்ணா இல்லை. முதலில் அழுகை வந்தது. பிறகு பழகிவிட்டது. சொல்லச் சொல்ல அது ஒரு சொல் மட்டும்தான் என்று ஆகிறது. கடைசித் தரம் கொஞ்சம் மூச்சும் சேர்ந்து வெளியில் வந்துவிட்டது போலிருக்கிறது.

சுவர்ப்பக்கம் இருந்து மச்சாள் சொன்னாள், "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லிப் பழகு."

மணிக்கட்டைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகியது.