காளான் ஓட்டு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அரசு தடைசெய்த சமூக ஜனநாயகக் கட்சியைக் கலைத்துவிடலாமா என்று முடிவெடுக்க, காளான் பறிக்கும் சாக்கில் காட்டுக்குள் மாநாடு கூட்டினாள் யாத்விகா. பனிமூட்டத்தில் ஒரு முகமும் தெரியவில்லை. பிர்ச் மரங்களுக்கிடையே குரல்கள் மட்டும் மிதந்து வந்தன.

"கலைக்க வேண்டாங்கிறவங்க கையைத் தூக்குங்க!"

"தூக்கினா மட்டும் தெரிஞ்சிடுமாக்கா?" என்று சிரித்தான் செயலாளர் லாவ்ரென்.

"அப்ப ஆளுக்கொரு காளானைக் கூடையில போடுங்கப்பா."

பனிக்குள்ளிருந்து கைகள் நீண்டன. கூடை கனத்துக்கொண்டே போனது.

"அக்கா, மரமெல்லாம் ஓட்டுப் போடுது!"

"போடட்டும். அதுங்களும் இந்த நாடுதானே?"

கட்சி பிழைத்தது.

அந்த மாநாடு நடந்த இலையுதிர்காலத்தில், சிறைக்கும் போகாமல் நாட்டைவிட்டும் போகாமல் மிஞ்சியிருந்த ஒரே உறுப்பினர் யாத்விகாதான்.