டப்ளின் மாப்பிள்ளையும் நசுங்கிய டின்னும்

அயர்லாந்தில் நல்ல பீர் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அயர்லாந்தைப் பார்த்ததில்லை. பீரை வாயில் வைத்ததும் இல்லை. ஆனாலும் டப்ளினில் எந்த மாதிரிக் கடைக்குப் போக வேண்டும், உள்ளே போனால் எந்த அலமாரியின் முன்னால் குனிய வேண்டும் என்பதுவரை தெரியும். கிளிஃபர்ட் சொல்லித் தந்தார். நான் கேட்கவே இல்லை.

கிளிஃபர்ட் என்னைக் கட்டிக்கொள்ள வந்த மாப்பிள்ளை. வீடு கே.கே. நகர், வேலை டப்ளினில். பொங்கலுக்கு முன்னால் லீவில் வந்தவர், கோயிலில் கல்யாணம் நடக்காத தவக்காலம் தொடங்குவதற்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். பெண் பார்க்க மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, நான் எந்தப் பள்ளியில் வேலை பார்க்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. நான் கணக்கு டீச்சர் என்பதே அவருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. சோபாவில் உட்கார்ந்ததும் பையைத் திறந்தார், பேப்பரில் சுற்றிய நான்கு பீர் டின்களை எடுத்து என் அப்பா காஸ்பர் முன்னால் வரிசையாக வைத்தார்.

"அங்கிள், இது பீர் இல்ல. கிராஃப்ட் பீர்," என்றார்.

டாடி தலையாட்டினார். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் இரண்டு கேள்வி கேட்காமல் விடாதவர், அன்றைக்கு வாயைத் திறக்காமல் மாணவன் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதே எரிச்சல் தொடங்கியது.

பாடம் ஒரு மணி நேரம் நடந்தது. அந்த நாட்டு அரசாங்கம் மதுவுக்கு இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ஒரு விலையை வைத்துவிட்டதாம். அதை ஏதோ பூர்வீகச் சொத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்பதுபோலச் சொன்னார். ஆனால் புத்திசாலிக்கு அதிலும் லாபம் உண்டாம். சாதா பீர் விலை ஏறிவிட்டதால் அதற்கும், சின்ன இடங்களில் கொஞ்சமாகக் காய்ச்சும் கிராஃப்ட் பீருக்கும் இப்போது கொஞ்சம்தான் வித்தியாசம், விவரம் தெரியாதவன்தான் இன்னும் சாதா பீர் வாங்குவான். பெரிய சூப்பர்மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் விற்கும் டின்னுக்குள் இருப்பது பல சமயம் நல்ல இடத்துச் சரக்குதான், லேபிள்தான் வேறு. கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டில் எதையும் எடுக்கக் கூடாது, கீழ்த்தட்டில்தான் எடுக்க வேண்டும்.

"டேப்ரூம் போனீங்கன்னா இன்னும் சூப்பர் அங்கிள்," என்றார். பீர் காய்ச்சுகிற இடத்திலேயே குழாயைத் திறந்து ஊற்றிக் கொடுப்பார்களாம், அதுதான் டேப்ரூம். "எதை வாங்கறதுன்னு தெரியலன்னு சொன்னா குட்டி கிளாஸ்ல ருசி பாக்கக் குடுப்பாங்க. ஃப்ரீ. நான் எல்லாத்தையும் ருசி பாத்துட்டு, கடைசியா இருக்கறதுலயே சின்ன கிளாஸ் ஒண்ணு வாங்குவேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கைதட்டுவோம் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. மம்மி நிஜமாகவே, "கெட்டிக்காரத்தனம்தான் தம்பி," என்றார். கடல் தாண்டிப் போய் ஒரு மனிதன் ஓசியில் நாக்கை நனைக்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான், அதற்கு என் வீட்டில் பாராட்டு.

பெற்றவர்களைக் குறை சொல்ல முடியாது என்று இந்த இடத்தில் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல மனமில்லை. ஆனால் காரணம் இருந்தது.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்யவிருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று. காலைப் பூசையில் அறிவிப்புகளை வாசிப்பவர் என் டாடி. அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. மைக் முன்னால் ஒரு காற்புள்ளியைக்கூட விழுங்க மாட்டார். 'தடை' வரியை வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கி, சபையை ஒருமுறை பார்த்து, அதன் பிறகுதான் அடுத்த ஓலைக்குப் போவார். அந்த இடைவெளியில் யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கும் டெரிக் என்பவருக்கும் ஓலை வாசித்தார். இரண்டு ஞாயிறு வாசித்தார். மூன்றாவது ஞாயிற்றுக்கு முன்னால் டெரிக்குக்குக் கனடாவில் வேலையோடு ஒரு பெண்ணும் கிடைத்துவிட்டாள். அந்த ஞாயிறும் டாடி மைக் முன்னால் நின்றார், மற்றவர்களுடைய ஓலைகளை வாசித்தார், என் பெயர் வர வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார். அதிலிருந்து எங்கள் கோயில் பங்கில் நான் ஓலை நின்ற பெண். டெரிக்கை யாரும் ஓலை நின்ற பையன் என்று சொன்னதில்லை.

ஆகவே டப்ளின் மாப்பிள்ளை பையிலிருந்து எதை எடுத்து வைத்தாலும் எங்கள் வீட்டில் கும்பிடு போடத் தயாராக இருந்தார்கள். யாரும் குடிக்காத அந்த டின்களை மம்மி ஷோகேஸில் வேளாங்கண்ணி மாதா சுரூபத்துக்குக் கீழ்த்தட்டில் அடுக்கினார். ஒன்று மட்டும் வயிற்றில் நசுங்கியிருந்தது. அதை நசுங்கிய பக்கம் சுவரைப் பார்க்கும்படித் திருப்பி வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம், "மாப்பிள்ளை கொண்டாந்தது, ஃபாரின்," என்றார். கோயிலில் ஓலையும் கொடுத்தாகிவிட்டது. நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். பீர் பைத்தியம் ஒரு பெரிய குற்றமா, போகப் போகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் ஓலைக்கு முந்தின நாள் சனிக்கிழமை. கல்யாணச் சேலை பார்க்க என்று தி. நகருக்கு அழைத்துப் போனார். சேலைக் கடைக்குள் நுழைவதற்கு முன்னால், "ஒரு அஞ்சு நிமிஷம்," என்று ஒரு மாலுக்குள் திரும்பினார். அங்கே அரசாங்கத்தின் எலைட் மதுக்கடை இருக்கிறது. சென்னையிலும் தன்னால் நல்ல சரக்கை மலிவாகப் பிடிக்க முடியும் என்று எனக்குக் காட்ட வேண்டுமாம். உள்ளே இருந்த ஒரே பெண் நான். என் மாணவன் ஒருவனுடைய அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்காத மாதிரி இருந்தார், நானும் அவரைப் பார்க்காத மாதிரி இருந்தேன். கிளிஃபர்ட் மண்டி போட்டு உட்கார்ந்து, கீழ்த்தட்டு டின்களை ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கி அடியில் இருந்த தேதியைப் படித்தார். ஒரு வழியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ப்ரோ, இது நசுங்கியிருக்கு பாருங்க. எவ்ளோ கொறைப்பீங்க?"

கவுன்டரில் இருந்தவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரேட்டு போர்டுல கீது சார்."

"அது நல்ல டின்னுக்கு. இது டேமேஜ்."

"நசுங்கினாலும் அதே ரேட்டுதான் நைனா. வோணும்னா எடு, வோணாட்டி வெச்சுட்டுப் போ. பின்னாடி ஆள் நிக்கிறாங்கோ."

கிளிஃபர்ட் டின்னை வைத்துவிட்டு வந்தார். வழியெல்லாம், "இந்த ஊருக்கு வேல்யூன்னா என்னன்னே தெரியல," என்று புலம்பினார். சேலைக் கடையில் பத்து நிமிடத்தில், "எல்லாம் ஒண்ணுதான்," என்று சொல்லி வெளியே அழைத்து வந்துவிட்டார்.

அங்கிருந்து அடையாறுக்குப் போனோம், ஐஸ்கிரீம் கடைக்கு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் அவர் மாம்பழத்தில் தொடங்கினார். அப்புறம் சப்போட்டா, இளநீர், பிஸ்தா என்று குட்டி ஸ்பூனில் ஒவ்வொன்றாக வாங்கி நக்கினார். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது. கடைசியில் இருவருக்கும் சேர்த்து ஒரு கப் வாங்கினார். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இவரோடு ஒரு ஆயுள் முழுக்கக் கடை கடையாக இப்படி நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.

உட்கார்ந்ததும் அவர் நல்ல மனநிலைக்கு வந்துவிட்டார்.

"டீனா, ஒரு சீக்ரெட் சொல்லட்டா? அங்க என் பெஸ்ட் பீர் எல்லாமே நசுங்கின டின்லதான் கிடைச்சுது. கடைக்காரன் ஒரு ஓரமா வெச்சிருப்பான், பாதி விலைக்கு. ஜனங்க தொடவே மாட்டாங்க. முட்டாளுங்க. உள்ள அதே பீருதான். அடி வெளியிலதானே பட்டிருக்கு."

நான் தலையாட்டினேன்.

"கல்யாணத்துக்கும் நான் அப்படித்தான் பாத்தேன். எங்க மம்மி எத்தனையோ பொண்ணு காட்டினாங்க. நகை வேணும், அப்பார்ட்மென்ட் வேணும், ஆயிரம் கண்டிஷன். அப்பதான் உன்னைப் பத்திச் சொன்னாங்க. ஓலை நின்ன பொண்ணு, அதனால ஒரு கண்டிஷனும் போட மாட்டாங்கன்னு. நான் உடனே சொல்லிட்டேன், உள்ள ஒண்ணும் கெட்டுப்போகலல்ல, அப்ப இதுதான் பெஸ்ட் வேல்யூன்னு." ஸ்பூனால் கப்பின் அடியைச் சுரண்டிக்கொண்டே சிரித்தார். "காம்ப்ளிமென்ட்டாத்தான் சொல்றேன்."

அது பாராட்டு என்று அவர் முழு மனதோடு நம்பினார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்குக் கண் கலங்கியது, கலங்கியதற்காக என் மேலேயே ஆத்திரம் வந்தது. நான் முன்னால் உட்கார்ந்து அழுவதற்குக்கூட இவர் லாயக்கில்லை என்று நினைத்து, ஆட்டோ பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்தேன்.

நடந்ததையெல்லாம் சொன்னேன், மதுக்கடையிலிருந்து ஐஸ்கிரீம்வரை. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றும் சொன்னேன்.

மம்மி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "கெட்ட எண்ணத்துல சொல்லலடி. உள்ள ஒண்ணும் கெட்டுப்போகலன்னுதானே சொல்லியிருக்காரு. இன்னொரு தரம் ஓலை நின்னா உன்னை யாருடி கேட்டு வருவாங்க?"

டாடி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "ஓலை குடுத்தாச்சேம்மா," என்றார். அவ்வளவுதான்.

நான் எழுந்து போய் ஷோகேஸைத் திறந்து, அந்த நசுங்கிய டின்னின் நசுங்கிய பக்கத்தை வெளியே தெரியும்படித் திருப்பி வைத்தேன். மம்மி அழுதுகொண்டே வந்து அதை மறுபடியும் சுவர்ப்பக்கம் திருப்பினார். அவர் அழுகையைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சரி, என்னவோ செய்யுங்கள் என்று படுக்கப் போனேன்.

ஞாயிறு காலைப் பூசைக்கு நான் போனது எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும் உத்தேசத்தோடுதான். கிளிஃபர்ட் தன் அம்மாவோடு வந்து ஆண்கள் பக்கம் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா எங்களுக்கு முன் பெஞ்சில் இருந்தார். எல்லாரும் நற்கருணை வாங்கி முடிந்ததும் டாடி தாளோடு மைக்குக்கு வந்தார். அன்பியக் கூட்டம், ஞானஸ்நான வகுப்பு, இரத்ததான முகாம், எல்லாவற்றையும் அவருக்கே உரிய நிதானத்தில் வாசித்தார். பிறகு ஓலைகள். முதல் இரண்டும் சரியாக வந்தன, இடைவெளியோடு.

மூன்றாவது என்னுடையது. அதை அவர் ஓட்டமாக வாசித்தார். காற்புள்ளிகளை எல்லாம் விழுங்கினார். என் பெயரைச் சொன்ன வேகத்தில் பக்கத்தில் இருந்தவர்களுக்கே அது காதில் விழுந்திருக்காது. தடை வரியை முணுமுணுத்தார். தலையைத் தூக்கவில்லை, சபையைப் பார்க்கவில்லை, இடைவெளி விடவில்லை. பழைய சரக்கை யாரும் தேதி பார்ப்பதற்குள் தள்ளிவிடும் கடைக்காரரைப் போல என் அப்பா என்னைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஊரில் யாருடைய பிள்ளைக்கும் கொடுத்த அந்த ஒரு மூச்சு இடைவெளி எனக்குக் கிடையாது.

நான் எழுந்து நின்றேன். அந்த வரிக்கு எழுந்து நின்றவர் யாரையும் எங்கள் பங்கு பார்த்ததில்லை. அதெல்லாம் பங்குத்தந்தையின் அறையில் காதோடு காதாகச் சொல்கிற சமாச்சாரம்.

"தடை இருக்கு டாடி," என்றேன்.

மம்மி என் சேலையைப் பிடித்து இழுத்தார். டாடி தாளிலிருந்து தலையைத் தூக்கினார். மைக் இருப்பதை மறந்துவிட்டார் போல. "இன்னா தடை?" என்று அவர் கேட்டது கோயில் முழுக்கக் கேட்டது, வெளியே தெருவரை கேட்டிருக்கும்.

"நசுங்கினாலும் அதே ரேட்டுதான்."

கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும் அது புரியவில்லை. கிளிஃபர்டுக்குப் புரிந்தது. கழுத்துவரை சிவந்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். மம்மிக்குப் புரிந்தது, சேலையை விட்டுவிட்டார். பங்குத்தந்தை நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் நின்றார்.

டாடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார், மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். அந்தத் தாளை மறுபடியும் மேலிருந்து, என் பெயரிலிருந்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒரு காற்புள்ளி தவறவில்லை. தடை வரி வந்ததும் தலையைத் தூக்கி, சபையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். யாரும் இருமவில்லை.

"தடை ஒன்று தெரிவிக்கப்பட்டிருக்கிறது," என்றார். பிறகு தாளில் அடுத்த அறிவிப்புக்குப் போனார். "பாடற்குழுப் பயிற்சி வழக்கம்போல் சனிக்கிழமை மாலை. யாரும் தாமதமாக வர வேண்டாம்."