கோடா, மடிப்பா

திரையில் மறுபடியும் அந்தப் பூஞ்சைப் படம் வந்தது. நான் எடுத்த படம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மைக்ராஸ்கோப்பில் செல்போனை வைத்து எடுத்து, பெருமையாக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எங்கெங்கோ சுற்றி, மருத்துவ மேற்படிப்பு நுழைவுத்தேர்வுக் கேள்வியாகிவிட்டது. நாக்பூரில் எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் பேய் மாதிரி எதிரே வந்து நிற்கிறது, சனியன்.

"என்னது இது?" என்றார் தேஷ்கர் சார்.

"மியூக்கர்!" நூறு பேரும் கத்தினார்கள். "பட்டையா நாடா மாதிரி இருக்கு சார். குறுக்குச் சுவர் இல்ல."

"அங்கங்க கோடு தெரியுதே?"

"அது மடிப்பு சார்!"

"கரெக்ட். அதைச் சுவர்னு நெனச்சு ஆஸ்பர்ஜில்லஸ்னு சொல்றவன் மாடு மேய்க்கப் போகலாம்."

வகுப்பே சிரித்தது. அன்றைக்கு அப்படிச் சொன்னவள் நான்தான்.

கொரோனா இரண்டாம் அலை. ஆய்வகத்தில் எல்லோரும் நோயில் விழுந்துவிட, பயிற்சி டாக்டரான என்னைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் படத்தில் இருப்பது பஸ் டிரைவர் தினகர் போயரின் மூக்கிலிருந்து எடுத்தது. சுவர் இருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். மியூக்கர் என்கிற கறுப்புப் பூஞ்சைக்கான மருந்துக்கு ஊரெல்லாம் தட்டுப்பாடு. என் பேச்சை நம்பி வேறு மருந்து போட்டார்கள். தப்பு தெரிய இரண்டு நாள் ஆனது. அதற்குள் பூஞ்சை மூளைக்கு ஏறிவிட்டது. மனிதர் போய்ச் சேர்ந்தார்.

கொடுமை என்னவென்றால், காகு என்று, அதாவது சித்தி என்று, நான் கூப்பிடும் அவர் மனைவி விமல் இன்னும் எனக்குப் போன் பண்ணுகிறார். "வார்டுல அவரை நல்லா பாத்துக்கிட்டம்மா, மகராசியா இரு" என்பார். நானும் ம்ம் கொட்டுவேன். வெட்கங்கெட்டவள்.

இன்றைக்குத் தாங்க முடியவில்லை. வகுப்பை விட்டு எழுந்து வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன்.

"என்ன கேதகி, பரீட்சை முடிஞ்சுதா?"

"இல்ல காகு. ஒண்ணு சொல்லணும். எவ்வளவு வேணா திட்டிக்கோங்க."

ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

"ரெண்டு நாளா?" என்றார்.

"ஆமா காகு."

"மூக்கு கறுக்குதுன்னு அவர் சொன்னப்ப, ஆவி புடிங்க சரியாயிடும்னு நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வராம ரெண்டு நாள் வீட்லயே வெச்சிருந்தேன். நானே கொன்னுட்டேன்னு இத்தனை நாளா எனக்குச் சோறு எறங்கலடி. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே ம்ம் கொட்டினியேடி, பாவி!"

காகு அழுதுகொண்டே இருந்தார். இருவருமே போனை வைக்கவில்லை.